லோயிஸ் அம்மாளின் கொம்பும் காலும்

லோயிஸ் அம்மாள் இறந்துபோனதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. டாக்டர் சொல்லிவிட்டார், ஆயர் ஜெபம் பண்ணிவிட்டார், மகன் இஸ்ரேல் தலைமாட்டில் உட்கார்ந்து அழுது ஓய்ந்தும் விட்டான். ஆனால் இறந்தவர் லோயிஸ் அம்மாள்தானா என்பதில் சித்தூர்க் கல்லறைத் தோட்டத்துக் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சான்றில் இருக்கிற லோயிஸ் வேறு, சபைப் பதிவில் இருக்கிற லோயிஸ் வேறு என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. சபையில் இல்லாதவருக்குக் குழி கிடையாது. ஆகவே அம்மாள் ஐஸ் பெட்டியில் காத்திருந்தார். அது சித்தூரில் மாங்காய் வெடிக்கிற வெயில் காலம்.

ஆயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பெயரையும் பார்த்தார். கல்லறைக் கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். லோயிஸ், லோயிஸ்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே கீது?" என்றான் இஸ்ரேல்.

"நம்ம கண்ணுக்கு ஒண்ணாத்தான் கீது. கம்ப்யூட்டர் வேற வேறன்னு சொல்லுதே, அதைவிட நாம படிச்சிருக்கோமா?" என்றார் தலைவர்.

"அப்ப திருத்திடுங்க."

"உறுப்பினரே நேர்ல வந்து கையெழுத்து போட்டாத்தான் திருத்தலாம். அது விதி."

"தூக்கிக்கினு வரட்டுமா?"

"கையெழுத்து போடுவாங்கன்னா தூக்கிக்கினு வாப்பா" என்றார் தலைவர். அவர் கிண்டல் பண்ணவில்லை. கமிட்டித் தலைவர்களுக்குக் கிண்டல் வராது.

இந்தக் குழப்பத்துக்கு மூலகாரணம் பிரேமலதா. சபை அலுவலகத்தில் பெயர்களைத் தட்டிய பிரேமலதா தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். 'லோ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ல, பிறகு கால் என்றுதான் அவர் விரலுக்குத் தெரியும். கம்ப்யூட்டரும் பணிவாகக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் உள்ளே வைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி நர்ஸோ செல்போனில் தட்டினார். அதில் கொம்பும் காலும் ஒரே துண்டாக விழுந்தன. வெளியே பார்த்தால் ஒரே லோயிஸ். உள்ளே பார்த்தால் ஒருத்திக்கு ஒரு துண்டு அதிகம்.

இதைக் கண்டுபிடித்தது மூத்த மகள் டெபோரா. சித்தூரிலேயே ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் நிரல் எழுதுகிறவள். கல்லறை மென்பொருளை விற்றவனைப் பிடித்தாள். "மேடம், தப்பு எங்களுது இல்ல, அட்சரத்துது" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

அட்சரம் என்பது ஒரு லைப்ரரி. புத்தகம் இருக்கிற லைப்ரரி அல்ல. தமிழ், தெலுங்கு எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க யாரோ எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிற நிரல்களின் தொகுப்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்லறை எல்லாம் அதன்மேல்தான் ஓடுகின்றன. அதில் கைவைத்தால் மறு நிமிடமே எல்லா இடத்திலும் மாறிவிடும். டெபோரா அதன் பிரதி ஒன்றைத் திறந்து பார்த்து ஒரே ஒரு வரி சேர்த்தாள். இரண்டு பெயரை ஒப்பிடும் முன்னால் உடைந்த துண்டுகளை ஒட்டிக்கொள் என்பதுதான் அந்த வரி. சோதித்துப் பார்த்தாள். லோயிஸும் லோயிஸும் ஒன்றாகிவிட்டார்கள். அழுதுகொண்டே திருத்தத்தை அட்சரத்தைப் பராமரிப்பவர்களின் ஒப்புதலுக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. மனிதர் எழுதியதல்ல, இயந்திரம்.

'வணக்கம். தங்கள் பங்களிப்புக்கு நன்றி. தங்களுக்கு முன்னால் வரிசையில் இருப்பவர்கள் அனைவரும் தங்களைப் போலவே முக்கியமானவர்கள். அட்சரம் பராமரிப்போர் பேரவை நாளை திருப்பதியில் கூடுகிறது. நேரில் வருபவர்களின் திருத்தம் அன்றே பரிசீலிக்கப்படும். பருத்தி உடை அணிந்து வரவும். நைலான் துணி காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.'

கடைசி வரி தப்பாக வந்துவிட்டது என்று டெபோரா நினைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்குப் பேரவையைத் தெரியாது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

பேரவை கூடியது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். கீழே கல்யாணம், மேளம். மேலே வாசலில் பெரிய பேனர்: 'எல்லோரும் பார்க்கலாம். எல்லோரும் திருத்தலாம். இது உங்கள் வீடு.' பேனருக்குக் கீழே காவலுக்கு இரண்டு பேர். இருவருக்கும் சேர்த்து மூன்று காது இருந்தது.

"புஸ்தகம் திருப்பிக் குடுக்க வந்தீங்களாம்மா?" என்றான் ஒற்றைக் காதன்.

"இல்லண்ணா. லைப்ரரில ஒரு வரி திருத்தணும்."

அவன் முகம் மாறியது. "வூட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

உள்ளே ஒரு மேஜையில் பஞ்சு, டிஞ்சர், கட்டுத்துணி. பக்கத்தில் ரோஜா நிறப் பட்டுப்புடவையில் நளினி. பேரவையின் நன்னடத்தை அலுவலர். கழுத்தில் விசில், கையில் நோட்டு, முகத்தில் ஓயாத புன்னகை.

"வாங்கம்மா. எங்ககிட்ட ஒரே ஒரு விதிதான். யாரையும் சொல்லால புண்படுத்தக் கூடாது. டேய், போடி, முட்டாள், நாசமாப் போக, இதெல்லாம் ஆகாது. மரியாதை முக்கியம், அர்த்தமாச்சா?"

டெபோரா கட்டுத்துணியைப் பார்த்தாள். "சொல்லால கூடாதுன்னா, கையால?"

"கையைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லம்மா. இது அமெரிக்காவுல எழுதின விதி. அங்க அவங்கவங்க வூட்ல உக்காந்து வேலை செய்றாங்க. கை எட்டாது. நாங்க அப்படியே எடுத்துப் போட்டுக்கினோம். அமெரிக்கா விதிய மாத்த நாம யாரு?"

டெபோராவுக்கு முன்னால் குடுபல்லியிலிருந்து வந்த யஸ்வந்த் என்கிற இளைஞன் மேடையேறினான். அவன் திருத்தம் ரொம்பச் சின்னது. உதவிக் குறிப்பில் 'எழுத்துபிழை' என்று இருந்ததை 'எழுத்துப்பிழை' என்று ஆக்கியிருந்தான். ஒரு ப, அதன் தலையில் ஒரு புள்ளி. பராமரிப்பாளர் சாய்குமார் எழுந்து அவன் தோளில் கைபோட்டார்.

"தம்பி, உங்க ஆர்வம் எங்களுக்கெல்லாம் பெரிய ஊக்கமா கீது" என்று சொல்லி, கையிலிருந்த எக்ஸ்டென்ஷன் போர்டால் அவன் வாயில் அடித்தார். பல் இரண்டு கீழே விழுந்தது. பேரவை கைதட்டியது.

"சின்னதா இருந்தாலும் நல்ல முயற்சி" என்று இன்னொருவர் அவன் வயிற்றில் உதைத்தார். இத்தனைக்கும் பிறகு அவன் திருத்தம் ஏற்கப்பட்டது. திரையில் ப் தெரிந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்திலோ வலியிலோ யஸ்வந்த், "டேய்" என்றான்.

விசில் ஊதியது.

"கடுஞ்சொல்" என்று நளினி வருத்தத்தோடு நோட்டில் எழுதினார். "நீக்கப்பட்டவங்க சேர்த்தது எதுவும் அட்சரத்துல இருக்கக் கூடாது. அதுவும் விதி." திரையில் ப் மறைந்தது. யஸ்வந்தைக் காலைப் பிடித்துப் படிக்கட்டு வழியாக இழுத்துப்போனார்கள். தலை ஒவ்வொரு படியிலும் இடித்தது. கீழே மேளம் வாசித்துக்கொண்டிருந்ததால் அது யார் காதிலும் விழவில்லை.

அடுத்து டெபோரா. தலைமை நாற்காலியில் கோவர்த்தனன் உட்கார்ந்திருந்தார். புத்தூர்ப் பக்கம். நெற்றியில் தையல், வலது கையில் மூன்று விரல்.

"அம்மா, இது திறந்த மூலம், ஓப்பன் சோர்ஸ்" என்று பேச ஆரம்பித்தார். "மூலம் எப்பவும் திறந்துதான் இருக்கும். எங்களுக்கு எவ்ளோ வலிச்சாலும் மூட மாட்டோம். பன்னெண்டு வருஷமா இந்த நாற்காலியில கீறேன். இந்தப் பன்னெண்டு வருஷத்துல ஒரு புதுப் பிழைகூட உள்ள வந்ததில்ல. ஏன்னா எதுவுமே உள்ள வந்ததில்ல. நாங்க ஒட்டுக் கட்சி. கொம்பும் காலும் ஒரே துண்டா இருக்கணும்னு எங்கண்ணன் சொன்னாரு. அதுக்காகவே காளஹஸ்தி ரோட்டுல வெட்டுப்பட்டுச் செத்தாரு. அவர் சாகாம இருந்திருந்தா அது சரியான்னு நான் யோசிச்சுப் பாத்திருப்பேன். இப்ப யோசிக்கிற உரிமை எனக்கு இல்ல."

அவர் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்குமார் எழுந்தார். எக்ஸ்டென்ஷன் போர்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

"அண்ணன் அருமையா பேசினாரு. நாங்க வெட்டுக் கட்சி, மேடம். கொம்பு தனி, கால் தனி. ஏன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. அவங்க ஒண்ணுன்னு சொன்னப்ப நாங்க பக்கத்துல இருந்தோம், சும்மா இருக்க முடியல. ஜனங்க கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்னு சில பேர் சொல்றாங்க. ஆமா, தெரியும். கண்ணுக்குத் தெரியாததுக்கு அடிச்சிக்கினாத்தான் அது கொள்கை. கண்ணுக்குத் தெரியறதுக்கு அடிச்சிக்கினா அது சொத்துத் தகராறு."

இதற்கும் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் டெபோராவைப் பார்த்தார்கள்.

"சார்" என்றாள் அவள். "எங்கம்மா ஐஸ் பொட்டில கீறாங்க. நீங்க ஒட்டுனாலும் சரி, வெட்டுனாலும் சரி. பேரை ஒப்பிடும்போது ரெண்டும் ஒரே மாதிரி ஆனா எனக்குப் போதும்."

எதுவானாலும் சரி என்று அந்தப் பேரவையில் யாரும் சொன்னதே இல்லை. ஒட்டுக் கட்சிக்காரர்களும் வெட்டுக் கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர்களுக்கு ஒரு பொது எதிரி கிடைத்திருந்தாள். அந்த ஒற்றுமை அரை நிமிடம் நீடித்தது. அதற்குள் யாரோ திரையைப் பார்த்து, "அந்த வரில 'ஒட்டிக்கொள்'னு கீதே" என்றார்.

வெட்டுக் கட்சி எழுந்தது. லேப்டாப் பைகளின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. பைகளில் லேப்டாப் இல்லை, அரிவாள்தான் இருந்தது.

"தங்கள் நிலைப்பாட்டை மதிக்கிறேன்" என்று ஒருவர் வெட்டினார். "மாற்றுக் கருத்துக்கு இடம் தந்ததற்கு நன்றி" என்று வெட்டுப்பட்டவர் நாற்காலியை அவர் மண்டையில் இறக்கினார். ஒருவர் இன்னொருவர் கழுத்தில் நெட்வொர்க் கேபிளைச் சுற்றி, "இதை இன்னும் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லலாமே" என்று இறுக்கினார். ஒரு கட்டை விரல் பறந்து வந்து பிஸ்கட் தட்டில் விழுந்தது. தட்டைப் பிடித்திருந்தவர் விரலை ஓரமாக ஒதுக்கிவிட்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். தொடையில் கத்தி இறங்கிய ஒரு பெரியவர் வலி தாங்காமல், "ஐயோ பாவி" என்று அலறினார். நளினி விசில் ஊதி அவரை நீக்கினார். கத்தியைச் செருகியவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அவருக்கு நன்னடத்தைப் புள்ளி கூடியது.

டெபோரா மேஜைக்குக் கீழே இருந்தாள். பறந்து வந்த ஒரு கீபோர்டு அவள் நெற்றியைக் கிழித்தது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கினாள். யஸ்வந்தின் ப் அவளுக்குப் புத்தி சொல்லியிருந்தது. ஒரு சொல் தவறினால் அம்மா பெட்டியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

போன் அடித்தது. இஸ்ரேல்.

"அக்கா, கரண்ட் போயிட்ச்சு. ஐஸ் உருகி தண்ணி வாசல் வரிக்கும் வந்துகினு கீது. எறும்பு வந்துட்ச்சுக்கா. நான் விரட்டிக்கினே கீறேன். எங்க இருக்கிற நீ? இன்னா சத்தம் அது?"

"ரிவ்யூ நடந்துகினு கீது" என்றாள் டெபோரா. "எறும்பு ஏறாம பாத்துக்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்."

மேடையில் சாய்குமார் ஒரு யூபிஎஸ் பேட்டரியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கியிருந்தார். "அண்ணா, உங்க அனுபவத்துக்கு நான் தலை வணங்கறேன்" என்று அதைக் கோவர்த்தனன் தலையில் போட்டார். கோவர்த்தனன் நாற்காலியிலேயே சரிந்தார். "கருத்துக்கு நன்றி, தம்பி" என்றார். அத்துடன் அவர் மூச்சு நின்றது.

சண்டையும் நின்றது. நளினி நோட்டைப் புரட்டிப் பார்த்து அறிவித்தார்: "பரிசீலனை முடிவடைந்தது. இரு தரப்பினரும் கண்ணியமாக நடந்துகொண்டார்கள்."

சாய்குமாருக்கு முகம் விழுந்துவிட்டது. "எதிர்க்க ஆள் இல்லாம கொள்கை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? சாவு விழுந்த வூட்டுப் பொண்ணு, போகட்டும்" என்று வெட்டுக் கட்சி சார்பில் தன் ஒப்புதலை அழுத்தினார். இனி ஒட்டுக் கட்சித் தலைவர் ஒப்புதல் வேண்டும். அவர் செத்துவிட்டார்.

"அவர் பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடலாம், ஒரு நிமிஷ வேலை" என்று நளினி செல்போனில் கோவர்த்தனன் பெயரைத் தட்டினார். திரை சிவந்தது. 'இப்படி ஒருவர் பேரவையில் இல்லை.'

டெபோரா அந்தப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்தாள். கோ. அங்கேயும் ஒரு கொம்பு, ஒரு கால். பேரவைப் பட்டியலை வருடங்களுக்கு முன்னால் தட்டியவரும் டைப்ரைட்டிங் ஹையர் போலிருக்கிறது.

"அப்ப செத்தது வேற கோவர்த்தனன்" என்றார் நளினி. "நம்ம கோவர்த்தனன் சார் உயிரோடதான் கீறார்."

"அப்ப நான் யாரைக் கொன்னேன்?" என்றார் சாய்குமார்.

"பேரவைக்கு வெளிய இருக்கிற யாரையோ. அது நம்ம விதியில வராது." நளினி டெபோரா பக்கம் திரும்பினார். "சார் ஒப்புதல் கொடுத்ததும் உங்க திருத்தம் உள்ள போயிடும்மா. காத்திருங்க."

டெபோரா நாற்காலியைப் பார்த்தாள். இந்தத் திருத்தம் உள்ளே போனால்தான் அந்த மனிதர் செத்தவர் ஆவார். அவர் ஒப்புதல் கொடுத்தால்தான் திருத்தம் உள்ளே போகும். அவர் மடியில் லேப்டாப் திறந்தபடி இருந்தது, விரல் வைத்துத் திறக்கிற ரகம். டெபோரா எழுந்து போய் அவருடைய மூன்று விரல்களில் பெருவிரல் எது என்று பார்த்து, ரத்தத்தைத் தன் துப்பட்டாவில் துடைத்தாள். கை இன்னும் சூடாக இருந்தது. அம்மா கை ஐஸாகக் கிடக்கிறது, ஊர் பேர் தெரியாத இந்த ஆள் கை சூடாக இருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. விரலை வைத்து லேப்டாப்பைத் திறந்து, அதே விரலால் ஒப்புதலை அழுத்தினாள்.

"இது அவர் விருப்பமாம்மா?" என்றார் நளினி.

"அவர் ஏதாச்சும் மறுப்பு சொன்னாரா மேடம்?"

நளினி குனிந்து கோவர்த்தனன் முகத்தைப் பார்த்தார். "இல்ல" என்று எழுதிக்கொண்டார். திரை பச்சையாயிற்று.

இஸ்ரேல் உடனே கூப்பிட்டான். "அக்கா, கம்ப்யூட்டர் பச்சை காட்டுது! அம்மாதான் அம்மான்னு ஒத்துக்கிச்சு. ஆயர் பொறப்பட்டுட்டாரு, குழி வெட்டிக்கினு கீறாங்க. நீ வர வரிக்கும் வெக்கறோம்."

"வெக்காத" என்றாள் டெபோரா. "நான் வரதுக்குள்ள இங்க எவனாச்சும் எதையாச்சும் மாத்திடுவான். பொதைச்சிடு. மண்ணு போட்டதும் எனக்கு போன் பண்ணு."

அவள் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒட்டுக் கட்சிக்காரர்கள் நாலு பேர் வந்து சுற்றி நின்றார்கள். "அக்கா, எங்கண்ணன் விரலை நீங்க உபயோகப்படுத்தினது எங்களுக்குப் பெருமை" என்று சொல்லி அவள் இடது கைச் சுண்டு விரலைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்தார்கள். டெபோரா துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள். சாய்குமார் வந்து, "முதல் திருத்தத்துக்கு வாழ்த்துகள், மேடம்" என்று சால்வை போர்த்தினார். ஒட்டுக் கட்சிக்காரர்கள் அடுத்த விரலையும் ஒடித்தார்கள். நளினி விசிலை உதட்டருகே வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டெபோரா வாயைத் திறக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது, அதற்கு விதி இல்லை.

மூன்றாவது விரலைப் பிடித்தபோது போன் அடித்தது. வலது கையால் எடுத்தாள்.

"மண்ணு போட்டாச்சுக்கா" என்றான் இஸ்ரேல். "உன் பங்கு மண்ணையும் நானே போட்டேன்."

"மூடிட்டாங்களா? முழுசா?"

"முழுசாக்கா. சிலுவை நட்டாச்சு."

டெபோரா போனை மடியில் வைத்தாள். துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு பேசினாள். சித்தூர் மார்க்கெட்டில் மாங்காய் லாரி டிரைவர்கள் பேசுகிறதும், நகரி பஸ் ஸ்டாண்டில் கேட்கிறதும், தமிழில் இருப்பதும், தெலுங்கில் இருப்பதும், இரண்டிலும் பாதிப்பாதி இருப்பதும் எல்லாம் வந்தன. ஒட்டுக் கட்சியின் தாயார், வெட்டுக் கட்சியின் தகப்பனார், அமெரிக்க விதியை எழுதியவரின் பரம்பரை என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் பாடகர் குழுவில் பாடுகிற பெண்ணுக்கு இத்தனை தெரியும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அரிவாள் பிடித்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சாய்குமார் அழுதுவிட்டார். ஒருவர் மயங்கி விழுந்தார்.

நளினி விசிலை விட்டுவிட்டு நோட்டை எடுத்து வேகவேகமாக எழுதினார். ஒரு பக்கம் முடிந்து மறு பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா" என்றார். "எல்லாத்தையும் எழுதிக்கணும்."

டெபோராவை நீக்கினார்கள். அவள் வரியையும் அன்றே எடுத்துவிட்டார்கள். கோவர்த்தனன் மீண்டும் உயிர் பெற்று, தலைமைப் பராமரிப்பாளராகத் தொடர்கிறார். அவர் ஒப்புதலுக்காக நானூற்றுச் சொச்சம் திருத்தங்கள் காத்திருக்கின்றன. ஒரு கடுஞ்சொல்கூடப் பேசாதவர் என்று போன மாதம் அவருக்கு விருது கொடுத்தார்கள்.

சித்தூரில் கம்ப்யூட்டர் மறுபடி சிவந்தது. லோயிஸ் அம்மாள் இடத்தில் அடையாளம் தெரியாத ஒருவர் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. கமிட்டித் தலைவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு விசாரிக்க வந்தார். கட்டுப்போட்ட கையோடு டெபோரா குழிமேட்டில் உட்கார்ந்திருந்தாள். இஸ்ரேல் கடப்பாரையைக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் போட்டான்.

"யாருக்கு சந்தேகமோ அவன் வந்து தோண்டிப் பாக்கட்டும்" என்றான். "எங்கம்மாதான் கீது."